மஞ்சளான லென்ஸ், தளர்ந்த ஷட்டர்: ஒரு ஸ்பாட்மேட்டிக் கேமராவை மீட்ட கதை

அக்கா மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஃபிலிம் கேமரா வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "எந்த மாடல் நல்லது மாமா?" என்பதுதான் எப்போதும் அவன் கேள்வி. மாடலை விடு, கையில் இருக்கிற அந்த ஒரு கேமரா இத்தனை வருஷம் எப்படிக் கிடந்தது என்று பார் என்பதுதான் எப்போதும் என் பதில். 50 வருஷம் கடந்த பொருளில் மாடல் பெயர் பாதிச் செய்திதான். ஒரே மாதத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கேமராக்களில் ஒன்று பரணில் ஈரம் குடித்திருக்கும், இன்னொன்று வாரம் ஒரு தடவை யாரோ சுற்றி அழுத்திப் பார்த்த கையில் வாழ்ந்திருக்கும். அவன் வாங்கிய கேமராவுக்கு என்னென்ன கோளாறு இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதைச் சரி செய்தோம் என்று இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

மூன்றில் ஒன்று

சென்னையில் பழைய கேமரா விற்பவர் ஒருவரிடம் மூன்று கேமராக்கள் மேசைக்கு வந்தன. முதலாவது கேனன் ஏ.இ.-1. 1976-இல் வந்தது. பார்க்க அழகு, பையனின் கண் அதிலேயே நின்றது. ஆனால் ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் அதன் ஷட்டரே மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரி இல்லையென்றால் கேமரா இல்லை. உள்ளே சர்க்யூட் போனால் அதற்கு மாற்று இன்னொரு ஏ.இ.-1-இன் வயிற்றிலிருந்துதான் வரவேண்டும். இரண்டாவது பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை செய்து விற்ற, எத்தனையோ மாணவர்கள் பழகிய கேமரா. உடம்பு நன்றாக இருந்தது. லென்ஸில் டார்ச் அடித்ததும் உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.

மூன்றாவது ஆசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். 1964-இல் சந்தைக்கு வந்த மாடல். அதோடு சூப்பர் டக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸ். எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது. 1 வினாடி முதல் 1/1000 வினாடி வரை ஷட்டரின் எல்லா வேகமும் ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுகிறது. பேட்டரி அதற்குள் இருக்கும் ஒளிமானிக்கு மட்டும்தான். லென்ஸ் திருகி மாட்டுவது: எம்42 என்ற மரை, 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. ஜப்பான், ஜெர்மனி, சோவியத் நாடு என்று பல இடங்களில் இந்த மரைக்கு லென்ஸ் செய்தார்கள், அதனால் இன்றும் மலிவாகக் கிடைக்கும். செருகி லேசாகத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பையோனெட் மாதிரி சட்டென்று மாற்ற முடியாது, மூன்று நான்கு சுற்று திருக வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது தொல்லை.

மேசையிலேயே செய்த சோதனை பத்து நிமிஷம் பிடித்தது. லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திக் காதைக் கொடுத்தேன். 1 வினாடி 1 வினாடியாகவே கேட்டது. மெதுவான வேகங்களின் பல்சக்கரம் தடுமாறாமல் "ஸ்ஸ்ர்ர்" என்று ஓடி முடிந்தது. ஷட்டர் துணியின் பின்னால் டார்ச் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறவில்லை. ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி சுழன்றது. பேட்டரி அறையில் பச்சை பூக்கவில்லை. லென்ஸின் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் உள்கண்ணாடி, படம் எடுக்கும்போது மேலே போய் மோதும் இடத்திலிருக்கிற ஃபோம் மட்டும் மக்கிப் பிசின் ஆகியிருந்தது. அப்படிக் கண்ணாடி உள்ள எந்தப் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவிலும் அது எதிர்பார்க்க வேண்டியதுதான், மாற்றிக்கொள்ளலாம்.

லென்ஸை வெள்ளைத் தாளின் மேல் வைத்தபோது பையன்தான் முதலில் கவனித்தான். "மாமா, டீத்தண்ணி மாதிரி இருக்கே. கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். விலை பேச மட்டும் அது உதவியது. வாங்கிவிட்டோம்.

முதல் ரோல் சோதனை ரோல்

முதல் ரோலில் நல்ல படம் எடுக்க ஆசைப்படக் கூடாது. அந்த 36 ஃபிரேமும் கேமராவிடம் கேட்கிற கேள்விகள். கருப்பு வெள்ளை ஃபிலிம்தான் இதற்குச் சரி. வீட்டிலேயே கழுவலாம், வேறு யாருடைய ரசாயனத்தின் மேலும் சந்தேகம் வராது. ஒரு காலத்தில் நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த "இந்து" ஃபிலிமே கடைக்குக் கடை தொங்கியது. இப்போது நான் போடுவது இங்கிலாந்தில் செய்யும் இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ், ஐ.எஸ்.ஓ. 400. இந்த எண் கூடக்கூட ஃபிலிமுக்குக் குறைந்த ஒளியே போதும்.

ஒரு நோட்டில் ஃபிரேம் எண், வேகம், அப்பர்ச்சர், அளந்தது எது என்று நான்கு பத்தி போட்டு அவனிடம் கொடுத்தேன். முதல் 24 ஃபிரேமில் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுத்தோம்: ஒன்று ஃபோனில் உள்ள ஒளிமானி ஆப் சொன்னபடி, இன்னொன்று கேமராவின் ஒளிமானி ஊசி சொன்னபடி. மீதி 12 ஃபிரேம், மாலை நிழல் விழுந்தபின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும். 1/1000-க்கு எஃப் 5.6, 1/500-க்கு எஃப் 8, 1/250-க்கு எஃப் 11, 1/125-க்கு எஃப் 16. கணக்குப்படி நான்கிலும் விழும் ஒளி ஒன்றே. நெகட்டிவில் நான்கும் ஒரே கருமையாக வரவேண்டும். வராவிட்டால் ஷட்டர் ஏதோ சொல்கிறது.

சென்னையில் குழாய்த் தண்ணீர் 31 டிகிரி. டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். வாளியில் ஐஸ் போட்டு அதில் பாட்டில்களை நிற்க வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐ.டி.-11 என்ற டெவலப்பர், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், 13 நிமிஷம். கழுவிக் காயப்போட்டதும் இரண்டு கோளாறுகள் கண்ணுக்குத் தெரிந்தன.

ஒன்று: ஃபோன் சொன்னபடி எடுத்தவை எல்லாம் மெலிந்திருந்தன. நிழல் பகுதியில் விவரமே இல்லை. கேமரா சொன்னபடி எடுத்தவை பரவாயில்லை. நோட்டைப் பார்த்தால், ஒவ்வொரு காட்சிக்கும் கேமரா ஃபோனைவிட முக்கால் ஸ்டாப் போல அதிகம் கேட்டிருக்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு.

இரண்டு: சுவர்ப் படங்களில் 1/125, 1/250 இரண்டும் ஒன்றுபோல இருந்தன. 1/500-இல் ஒரு ஓரம் லேசாக வெளிறியது. 1/1000-இல் அதே ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஃபிரேம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் ஃபிலிமில் ஒளியே விழவில்லை.

கடை மேசையில் 1/1000-இல் அழுத்திப் பார்த்தபோது வெளிச்சக் கீற்று தெரியத்தான் செய்தது. நம் கண்ணுக்கு அந்த வேகத்தில் முழுச் சட்டமா, முக்கால் சட்டமா என்று பிரித்துச் சொல்லும் திறமை கிடையாது. அந்தச் சோதனையை நான் நம்பியது என் தவறு.

குற்றவாளி ஒளிமானியா, லென்ஸா?

ஃபோனும் கேமராவும் முரண்பட்டால் எல்லோரும் முதலில் பழைய ஒளிமானியைத்தான் சந்தேகிப்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. அந்தக் கால ஒளிமானிகள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அவை சந்தையிலிருந்து போய்விட்டன. இன்றைய பேட்டரி 1.5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். ஒலிம்பஸ் ஓ.எம்.-1, மினோல்டா எஸ்.ஆர்.டி. போன்ற கேமராக்களில் அந்தச் சிறு வித்தியாசமே ஊசியைப் பொய் சொல்ல வைக்கும்.

ஸ்பாட்மேட்டிக்கில் இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட். தராசு மாதிரி என்று அவனுக்குச் சொன்னேன். இரண்டு தட்டும் சமமா என்று மட்டுமே தராசு பார்க்கும். பூமியின் இழுப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். அதே மாதிரி இங்கே இரண்டு கிளையும் சமமாகும்போது ஊசி நடுவுக்கு வருகிறது, வோல்ட்டேஜ் எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை. 394 எண் பட்டன் பேட்டரி ஒன்றை, அறை பெரிதாக இருப்பதால் சுற்றிலும் ரப்பர் வளையம் மாட்டி, உள்ளே வைத்திருந்தோம்.

அப்படியானால் பேட்டரி காரணமில்லை. ஆனால் ஒளியை உணரும் செல்லே கிழடு தட்டியிருக்கலாமே? அதைப் பிரித்தறிய என்னிடம் இருந்த ஹீலியோஸ் 44-2 உதவியது. சோவியத் லென்ஸ், 58 மி.மீ., அதே எம்42 மரை, கண்ணாடி தெளிவு. ஸ்பாட்மேட்டிக் லென்ஸ் வழியாக வரும் ஒளியை அப்பர்ச்சர் மூடிய நிலையிலேயே அளப்பதால் எந்த எம்42 லென்ஸை மாட்டினாலும் ஒளிமானி வேலை செய்யும். சீரான வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர், எஃப் 4. ஹீலியோஸோடு கேமராவும் ஃபோனும் கால் ஸ்டாப்புக்குள் ஒத்துப்போயின. கழற்றிவிட்டு டக்குமாரைத் திருகினோம். ஊசி நடுவை விட்டு விலகியது.

ஒளிமானி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒளியைத் தின்றது லென்ஸ். ஃபோனுக்கு அந்த மஞ்சள் எப்படித் தெரியும்? அது லென்ஸுக்கு வெளியே இருந்து அளக்கிறது.

மணவாளக்குறிச்சியில் கிடைக்கும் அதே பொருள்

இந்த லென்ஸின் முதல் வடிவத்தில் 8 கண்ணாடிகள். பின்னால் வந்த 7 கண்ணாடி வடிவத்தில் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களை அதிகம் பிரித்துவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துத் தரும் கண்ணாடி அன்று தோரியம் போட்டால் கிடைத்தது. ஆசாஹி மட்டுமல்ல, அந்தக் காலத்தில் வேறு சில கம்பெனிகளும் அதைப் பயன்படுத்தின.

தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் இருப்பதும் இதே தோரியம்தான். அதன் கதிர் உள்ளிருந்தே கண்ணாடியைத் தாக்கித் தாக்கி, நீல ஒளியை விழுங்கும் புள்ளிகளை உண்டாக்குகிறது. பல பத்தாண்டு கழித்துப் பார்த்தால் டீ நிறம். புற ஊதா ஒளி பட்டால் அந்தப் புள்ளிகள் கலைந்துவிடும். தோரியம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் போகும்.

ஆபத்தா என்று அக்கா ஃபோன் பண்ணிக் கேட்டாள். ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். பீட்டா, காமா கொஞ்சம் வெளியே வரும், தூரம் கூடக்கூடக் குறையும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பவர் பயப்பட வேண்டியதில்லை. உடைந்தால் தூளைக் கையால் தொடாதே, கண்ணாடியைத் தேய்க்காதே, லென்ஸைக் கண்ணோடு வைத்துப் பூதக்கண்ணாடியாக்காதே, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே. இவ்வளவுதான் அவனுக்குச் சொன்னது.

மொட்டை மாடி வெயிலில் வைக்கலாம் என்று பையன் சொன்னான். வெயிலிலும் புற ஊதா உண்டு, பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சென்னை வெயிலில் நான் விட மாட்டேன். சூட்டில் ஃபோகஸ் மரையின் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போய்ச் சேரும்; ஒரு நோயை ஆற்றி இன்னொன்றை வாங்கியதாகும். சின்ன புற ஊதா எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கி, அட்டைப் பெட்டிக்குள் அலுமினியத் தாள் விரித்து, லென்ஸின் பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அப்பர்ச்சரை முழுதும் திறந்து, விளக்கைப் பக்கத்தில் நிறுத்தினோம். பெட்டியை மூடியே வைத்தோம், அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது. தினமும் காலையில் லென்ஸை எடுத்து அதே வெள்ளைத் தாளின் மேல் வைத்து, டிஜிட்டல் கேமராவில் ஒயிட் பேலன்ஸை மாற்றாமல் ஒரு படம். இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் டீ, எலுமிச்சைச் சாறு ஆனது. எட்டாம் நாள் பக்கத்தில் ஹீலியோஸை வைத்து ஒப்பிட்டால்தான் சாயல் தெரிந்தது. மறுபடி சுவரை அளந்தோம்: ஃபோனுக்கும் கேமராவுக்கும் வித்தியாசம் கால் ஸ்டாப்.

கருப்பு வெள்ளை மட்டும் எடுப்பவராக இருந்தால் இதைச் செய்யாமலே விட்டிருக்கலாம். மெல்லிய மஞ்சள் ஃபில்டர் போட்டது மாதிரி வானம் கொஞ்சம் கருத்து மேகம் எடுப்பாக வரும், கேமராவின் ஊசியை நம்பினால் போதும். அவனுக்கு வண்ணப் படமும் வேண்டும். வண்ண ஃபிலிமில் நீலத்தைப் பதியும் அடுக்குக்கு ஒளி பற்றாது.

ஷட்டரும் பழைய டி.வி.யும்

இந்த மாதிரி ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் உண்டு. முதல் திரை ஓடித் திறக்கிறது, இரண்டாம் திரை பின்னால் ஓடி மூடுகிறது. 1/60 வரைதான் ஃபிரேம் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். 1/1000-இல் இரண்டு திரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் ஃபிலிமைக் கடந்து போகும். முதல் திரையின் உருளையில் பழைய எண்ணெய் காய்ந்து இழுத்தால் இரண்டாம் திரை அதை எட்டிப் பிடித்துவிடும். இடைவெளி மூடிக்கொள்ளும், மீதி ஃபிரேம் இருட்டு. 1/125-இல் இடைவெளி அகலம் என்பதால் அதே இழுப்பு தெரியவே தெரியாது. எங்கள் சுவர்ப் படங்கள் காட்டியது இதைத்தான்.

கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரைத் தெரியும். அவர் மேசையில் சின்னத் திருகுகள் எல்லாம் இன்னும் "இந்து" ஃபிலிம் டப்பாக்களில்தான் கிடக்கின்றன. சுவர்ப் படத்தின் நெகட்டிவைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, மூலையில் இருந்த பழைய குழாய் டி.வி.யைப் போட்டார். சேனல் எதுவும் இல்லாத வெள்ளைத் திரை. கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸ் இல்லாமல், டி.வி.க்கு முன்னால் பிடித்து, 1/1000-இல் அழுத்தினார். பின்னால் இருந்து என் ஃபோனில் படம் பிடித்தோம்.

குழாய் டி.வி.யில் மின்கற்றை ஒரு வினாடிக்கு 15,625 வரி வரைகிறது. அப்படியானால் 1/1000 வினாடியில் 15, 16 வரிதான் தெரிய வேண்டும். ஷட்டர் பக்கவாட்டில் ஓட, கற்றை கீழே இறங்க, ஃபோன் படத்தில் தெரிவது சாய்வான ஒரு பட்டை. நல்ல ஷட்டரில் அது முனைக்கு முனை ஒரே தடிமனாக இருக்கும். எங்களுடையது ஒரு முனையில் தடித்து, போகப்போகச் சிறுத்து, கேரட்டின் நுனி மாதிரி முடிந்தது. அழகான கருவி எதுவும் இல்லாமல், மூலையில் கிடந்த பழைய டி.வி.யை வைத்து ஷட்டரின் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தது எனக்கு மறக்காது.

"ஸ்பிரிங்கை ரெண்டு திருகு முறுக்கிவிட்டா இப்பவே ஓடும் தம்பி. ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். அழுக்கை விட்டுவிட்டு இழுவிசையை மட்டும் கூட்டினால் துணியும் ஸ்பிரிங்கும்தான் தேயும். கேமராவை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். உருளைகளின் அச்சுகளைக் கழுவி, ஊசி முனையில் எடுத்த எண்ணெய் வைத்து, மக்கிய ஃபோமை மாற்றி, அதன் பிறகே இழுவிசையைத் தொட்டார். திரும்ப வாங்கப் போனபோது டி.வி.யை மறுபடி போட்டுக் காட்டினார். பையன் ஃபோன் படத்தைப் பெரிதாக்கி வரிகளை எண்ணினான். ஒரு ஓரம் 16, மறு ஓரம் 14.

இரண்டாம் ரோல்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பையனே ஃபிலிம் மாட்டினான், நண்பனின் அண்ணன் கல்யாணத்துக்குக் கொண்டுபோனான். 36 தாண்டியும் ஃபிலிமை நகர்த்தும் நெம்பு சுற்றிக்கொண்டே போனது. ஃபிலிமின் நாக்கு சுருட்டும் அச்சில் மாட்டவே இல்லை; ஒரு ஃபிரேம்கூட நகரவில்லை. ஃபிலிமை மாட்டி மூடியபின், ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் குமிழை மெதுவாகத் திருகித் தளர்வை எடுத்துவிட வேண்டும். பிறகு நெம்பைத் தள்ளும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் ஓடுகிறது. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். முதல் ரோலை நானே மாட்டிவிட்டதால் விட்டுப்போனது.

மூன்றாம் ரோல்

காலை ஆறரைக்கு மெரினா. கிழக்கே கடல், சூரியன் எதிரே. படகோரம் உட்கார்ந்து வலை பின்னுகிற ஒருவர். பையன் ஒளிமானி விசையை மேலே தள்ளினான், வியூஃபைண்டர் இருண்டது, ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்தான். எடுக்கப்போனவனை நிறுத்தினேன்.

ஸ்பாட்மேட்டிக் என்ற பெயரைப் பார்த்தால் ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் என்று தோன்றும். 1960-இல் காட்டிய முன்மாதிரியில் அப்படித்தான் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது முழுச் சட்டத்தையும் சராசரியாக அளக்கும்படி மாற்றிவிட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. பாதிச் சட்டம் பளபளக்கும் கடலும் வானமும் என்றால் ஊசி அதற்கே பணியும், முகம் கரியாகிவிடும். கேமராவைக் கீழே இறக்கி, அந்த மனிதர் மேல் விழும் அதே வெளிச்சத்தில் இருக்கும் மணலை அளந்து, மணல் வெளிறியது என்பதால் இன்னும் ஒரு ஸ்டாப் திறந்து, பிறகு நிமிர்த்தி எடு என்றேன். அந்தப் படத்தில் முகச் சுருக்கமும் தெரிகிறது, ஊசியில் தொங்கும் நூலும் தெரிகிறது.

இந்த வேகமான லென்ஸைப் பற்றியும் ஒன்று. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு 1/1000-இல் எஃப் 11 வேண்டும். எஃப் 1.4 அங்கே ஆறு ஸ்டாப் அதிகம், பயனே இல்லை. பகலில் சுற்றுகிறவர் ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200 போட்டால் கேமராவின் மிக வேகமான, மிகச் சீக்கிரம் கெடுகிற அந்த 1/1000-ஐத் தொடவே வேண்டாம். எஃப் 1.4-இன் நேரம் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறது.

கேமராவோடு வந்த தோல் உறையைத் தூக்கிப் போடச் சொன்னேன். நம் கடற்கரை ஊர்களில் தோல் உறைதான் ஃபங்கஸின் தாய்வீடு. அரிசி டப்பாவிலும் வைக்காதே, மாவுத்தூள் உள்ளே போகும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, அடியில் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. ஈரப்பதம் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் காயவைத்து மறுபடி போடலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. டப்பாவில் பூட்டியே வைப்பதும் தவறு. வாரம் ஒரு நாள் எடுத்து எல்லா வேகத்திலும் இரண்டிரண்டு தடவை அழுத்தினால்தான் பெரியவர் வைத்த எண்ணெய் காயாமல் இருக்கும்.

மூன்றாம் ரோலின் கடைசி ஃபிரேம் மயிலாப்பூரில் எடுத்தது. தெற்கு மாட வீதியில் இரவு எட்டரை மணிக்கு ஒரு பூக்கடை, மேலே ஒரே ஒரு பல்பு. நோட்டில் அவன் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "36. 1/60, எஃப் 1.4. கேமரா ஊசி. குமிழ் சுழன்றது."